மணி கோப்பவர் படும் பாடு



பொழுதுபோக்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் இன்பமான எண்ணம் ஒன்று எழுகிறது. அங்கே தேர்வு இல்லை; மதிப்பெண் இல்லை; கண்டிப்பார் இல்லை. விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் எடுத்து வைத்துவிடலாம். அத்தகைய செயலில் துன்பத்துக்கு இடம் ஏது என்று தோன்றும். ஆனால், சிறு மணிகளை ஊசியால் எடுத்து நூலில் கோத்து, மாலையும் கைவளையும் பையும் பொம்மையும் செய்து மகிழ்பவர் ஒருவரை அருகில் இருந்து பார்த்திருப்பவர்களுக்கு வேறோர் உண்மை தெரியும். அரை மணி நேரத்துக்குள் அவர் மூன்று முறை பெருமூச்சு விடுவார். இரண்டு முறை நூலைக் கடிந்துகொள்வார். ஒரு முறையாவது தரையில் குனிந்து கட்டிலுக்கு அடியில் எதையோ தேடுவார். யாரும் கட்டாயப்படுத்தாத வேலையில் இவ்வளவு அல்லலா என்று நமக்கு வியப்பாக இருக்கும். அந்த அல்லல்கள் எவை, அவை எங்கிருந்து வருகின்றன, அவற்றுள் நீக்கக் கூடியவை எவை, நீக்க முடியாதது எது என்பனவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மணி கோக்கத் தொடங்குகிறவர்கள் பலர். தொடங்கிய ஒன்றை முடிக்கிறவர்கள் சிலர். பாதியில் விட்டவரைக் கேட்டால், "எனக்குப் பொறுமை இல்லை" என்றோ, "என் கைக்கு இது வராது" என்றோ விடை வரும். தம் இயல்பின் மீதே பழியைச் சுமத்திக்கொண்டு அவர் ஒதுங்கிவிடுகிறார். அது நேர்மையான தீர்ப்பு அன்று. அவருக்கு எரிச்சல் ஊட்டியவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடியின் இயல்பாலும் நூலின் இயல்பாலும் விளைந்தவை. அந்த இயல்பை அறியாதவர் தம்மை நொந்துகொள்கிறார். அறிந்தவர் வழி தேடுகிறார்.

முதல் தொல்லை கடையிலேயே தொடங்கிவிடுகிறது. சிறு மணிகளின் பருமனை எண்ணால் குறிப்பது வழக்கம். எண் பெருகப் பெருக மணி சிறுக்கும் என்பது புதியவர்களுக்குத் தெரியாது. 8ஆம் எண் மணியின் குறுக்களவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்; 11ஆம் எண் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்; 15ஆம் எண் மணியோ 1.5 மில்லிமீட்டர் அளவே இருக்கும். பெரிய எண்ணைப் பார்த்துப் பெரிய மணி என்று வாங்கி வருகிறவர், பொட்டலத்தைப் பிரித்ததும் கடுகினும் சிறிய மணிகளைக் கண்டு திகைக்கிறார். அதோடு, ஒரே எண்ணுடைய மணிகள் எல்லா நாட்டிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் வட்டாரத்து மணிகள் சற்றுத் தட்டையாக, வடையைப் போன்ற உருவம் கொண்டவை. அவற்றில் மணிக்கு மணி சிறிது வேறுபாடும் உண்டு. ஜப்பானிய மணிகள் பெரும்பாலும் ஒரே சீரானவை, துளையும் பெரியது. இரண்டையும் கலந்து கோத்தால், நேராக வர வேண்டிய வரிசை வளைந்து நெளியும். கை நேராகத்தான் சென்றிருக்கும். மணிதான் நேராக அமைந்திராது.

அடுத்தது துளை. ஒரு மணி ஊசியை ஏற்கும். அடுத்த மணி ஏற்காது. இதன் காரணத்தை அறிய மணி பிறக்கும் இடத்துக்குச் செல்ல வேண்டும். சிறு கண்ணாடி மணிகளைத் தனித்தனியே துளைப்பது இல்லை. உருகிய கண்ணாடித் திரளின் நடுவே துளையை உண்டாக்கி, அதை நீண்ட மெல்லிய குழலாக இழுக்கிறார்கள். குழல் ஆறியபின் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி, கூரிய முனைகளை மழுங்கச் செய்கிறார்கள். இவ்வாறு குழல் இழுத்து மணி செய்யும் கலையில் நம் கடற்கரை பழம்பெருமை உடையது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்வாய்வு நடத்தினார். பின்னரும் பலர் அங்கு ஆராய்ந்தனர். அங்குப் பண்டைக்காலத்தில் மணித்தொழில் தழைத்திருந்ததை அகழ்வாய்வுகள் காட்டின. அங்கே செய்யப்பட்டவை போன்ற சிறு கண்ணாடி மணிகள் ஆப்பிரிக்கக் கரை முதல் கிழக்காசியா வரை பரவிக் கிடக்கின்றன. பீட்டர் பிரான்சிஸ் என்னும் ஆய்வாளர் அவற்றுக்கு 'இந்தோ பசிபிக் மணிகள்' என்று பெயர் இட்டார். அதே வகையான தொழில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் நடைபெற்று வந்ததை அவர் நேரில் கண்டு எழுதினார்.

இழுக்கும்போது குழல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வந்தால், அதிலிருந்து நறுக்கிய மணிகளின் துளையும் அவ்வாறே அமையும். மழுங்காத முனை ஏதேனும் மிஞ்சினால், அது கத்தியைப் போல் நூலை அறுக்கும். நீண்ட குழல்மணிகளில் இந்தத் தொல்லை மிகுதி. ஆதலால் அனுபவமுள்ளவர்கள் குழல்மணியின் இரு புறத்திலும் ஓர் உருண்டை மணியைக் காவலாக வைத்துக் கோப்பார்கள். துளை அடைபட்ட மணியை ஊசியால் நெருக்கித் தள்ளினால் மணி உடையும். அல்லது ஊசி வளையும். அத்தகைய மணியை ஒதுக்கிவிடுவதே அறிவு. நூறு மணிக்கு ஐந்து மணியைக் கழிப்பதற்கு மனம் இடம் தராதவர், அந்த ஐந்து மணியால் மற்றத் தொண்ணூற்றைந்தையும் இழக்க நேரிடும்.

வண்ணமும் ஏமாற்றக் கூடியதே. கண்ணாடியோடு கலந்து உருக்கிய நிறம் நிலையாக நிற்கும். மணியின் மேலோ துளையின் உட்புறத்திலோ பூசப்பட்ட சாயம் அவ்வாறு நிற்பதில்லை; வெயிலில் வெளிறும்; உராய்ந்தால் உதிரும். இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் சாயமேற்றிய மணிகள் மிகுதி. உள்ளே வெள்ளி பூசிப் பளபளக்கும் மணிகள் நாளடைவில் வியர்வையால் கறுப்பதும் உண்டு. இவற்றைக் கொண்டு மாலை தொடுக்கும் முன் சில மணிகளை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம். சிலவற்றைச் சன்னல் ஓரத்து வெயிலில் சில வாரம் வைத்துப் பார்க்கலாம். இன்னொன்று: ஒரு முறை வாங்கிய நீலமும் மறு முறை வாங்கிய நீலமும் ஒத்திருக்கும் என்று நம்புவதற்கு இல்லை. ஒவ்வொரு உருக்கிலும் நிறம் சிறிது மாறலாம். ஆகையால் வேலைக்கு வேண்டியதை முன்னரே கணக்கிட்டு ஒரே தடவையில் வாங்குவது நன்று. 11ஆம் எண் மணி கிராமுக்கு ஏறத்தாழ 110 நிற்கும். வரிசைக்கு 20 மணியாக 100 வரிசை உள்ள புத்தக அடையாளப் பட்டைக்கு 2000 மணிகள் தேவை. அதாவது 18 கிராமுக்கு மேல். கழிவையும் சேர்த்து 22 கிராம் வாங்கினால், கடைசி மூன்று வரிசைக்காகக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை.

இனி நூலுக்கு வருவோம். மணி கோப்பவரின் பெருமூச்சுகளுள் பாதி நூலுக்கே உரியவை. ஊசியின் காதில் நுழைய மறுப்பது முதற்குற்றம். நுனியைச் சாய்வாக வெட்டி, விரல்களுக்கு இடையே தட்டையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, நூலை ஊசியிடம் கொண்டு செல்லாமல் ஊசியை நூலிடம் கொண்டுவந்தால் பெரும்பாலும் காரியம் முடியும். முடியாவிட்டால், ஊசியைத் திருப்பிக் காதின் மறுபக்கத்தில் முயலலாம். பருத்தி நூல் மணியின் விளிம்பில் உராய்ந்து பஞ்சாகப் பிரியும். தேன்மெழுகில் ஒரு முறை இழுத்தெடுத்தால் இழைகள் ஒட்டி நிற்கும். நைலான் நூல் உறுதியானது. ஆனால் நீளும் தன்மை உடையது. இன்று இறுக்கமாகக் கட்டிய மாலையில் சில வாரம் கழித்து மணிகளுக்கு இடையே நூல் தெரிவது அதனால்தான். தொடங்கும் முன்பே நூலை இழுத்து நீட்டிவிட்டால் பின்னர் அது அவ்வளவாக நீளாது. தங்கூசி நரம்போ நீரில் கெடாது, ஆனால் முடிச்சு வழுக்கும், நாள்பட்டால் முறியும்.

நூல் தானாகச் சிக்குவதைப் பற்றி ஒரு சிறு விஞ்ஞானச் செய்தி உண்டு. அமெரிக்காவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ரேமர், ஸ்மித் என்னும் இருவர், ஒரு பெட்டிக்குள் கயிற்றை இட்டுப் பெட்டியைச் சுழற்றிப் பார்த்தனர். 3415 முறை இவ்வாறு செய்து, கயிறு எப்போது முடிச்சு விழுகிறது என்று கணக்கெடுத்து, 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சில விநாடிகளுக்குள்ளாகவே சிக்கலான முடிச்சுகள் விழுந்தன. 120 வகை முடிச்சுகள் அங்குத் தோன்றின. ஆனால், ஏறத்தாழ 46 சென்டிமீட்டருக்குக் குறைந்த கயிற்றில் முடிச்சு விழவில்லை. நீளம் கூடக் கூட முடிச்சு விழும் வாய்ப்பும் ஓரளவு வரை கூடியது. நம் நூலும் அந்தக் கயிறும் ஒன்றல்ல. ஆயினும் பாடம் ஒன்றே. அடிக்கடி நூல் மாற்றச் சோம்பி ஆறு முழ நூலை ஊசியில் ஏற்றுகிறவர் முடிச்சுக்குத் தாமே விருந்தழைப்பு விடுக்கிறார். ஒரு கை நீட்டும் தூரத்துக்கு நூல் இருந்தால் போதும். மேலும், ஊசியை விரல்களில் உருட்டி உருட்டிக் கோப்பதால் நூலில் முறுக்கு ஏறுகிறது. சிறிது நேரத்துக்கு ஒரு முறை ஊசியைக் கீழே தொங்கவிட்டால், அது தானே சுழன்று முறுக்கை இறக்கிவிடும்.

மணிகள் சிதறுவதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. பளிங்குத் தரையில் கொட்டிய மணிகள் எத்திசையும் ஓடும். பாயில் கொட்டியவை கோரைகளின் இடுக்கில் புகும். தாம்பாளம் ஒன்றில் கம்பளித் துணியை விரித்து அதன்மேல் வேலை செய்தால், விழுந்த மணி விழுந்த இடத்திலேயே நிற்கும். தாம்பாளத்தின் விளிம்பு ஓடுவதைத் தடுக்கும். நிறம் நிறமாகப் பிரித்து வைக்க நம் வீட்டுப் பல்லாங்குழியைப் போல் வசதியானது வேறில்லை. பதினான்கு குழிக்குப் பதினான்கு நிறம். விளையாட்டுக்கு அமைந்த குழி விரல் நுனிக்கும் பொருத்தமாக அமைந்திருக்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் பொருளால் வரும் தொல்லைகள். அறிவால் அவற்றைப் பெரும்பாலும் வெல்லலாம். இனிச் சொல்லப் போவது வேறு வகை. அது எண்ணிக்கையால் வருவது. எவ்வளவு தேர்ந்தவருக்கும் வருவது.

மணிப்பின்னலில் உருவம் அமைப்பவர்கள் கட்டம் போட்ட தாளில் படத்தை வரைந்துகொண்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு மணி என்று எண்ணிக் கோப்பார்கள். புள்ளிக் கோலம் போடுவோருக்கு இந்த முறை எளிதில் விளங்கும். புள்ளியின் கணக்கு ஓரிடத்தில் தவறினால், இழை எங்கோ ஓரிடத்தில் சேராமல் நிற்கும். ஆனால் கோலத்தில் கையால் துடைத்துவிட்டு மீண்டும் போடலாம். மணிவேலையில் அது இயலாது. மயிலின் தோகையை முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்க்கும்போதுதான், இருபது வரிசைக்கு முன்னால் ஒரு மணி தவறியிருப்பது கண்ணில் படும். கூடுதலாக ஒரு மணி சேர்ந்திருந்தால் ஒரு வழி உண்டு. நூல் அறாதபடி துளைக்குள் ஓர் ஊசியை நுழைத்துக்கொண்டு, குறடால் அந்த மணியை மட்டும் நொறுக்கிவிடலாம். கண்ணைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு மணி குறைந்திருந்தால் அவ்வழியில் அதைச் சேர்க்க முடியாது. மிகுதியை நீக்கலாம், குறையை நிரப்புவதற்கு, கோத்த வழியிலேயே பின்னோக்கிச் சென்று, கடைசியில் கோத்ததை முதலில் அவிழ்த்து, இருபது வரிசையையும் கலைத்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் வேலையை மூடி வைக்கிறார்கள். இரண்டு மாலைப் பொழுதுகளின் உழைப்பை ஒரு மணி நேரத்தில் தம் கையாலேயே அழிப்பதற்கு மனம் ஒப்புவதில்லை. "யாருக்குத் தெரியப் போகிறது?" என்று ஒரு குரல் உள்ளே கேட்கிறது. சில சமயம் அந்தக் குரல் சொல்வது சரியே. தவறு உருவத்தைக் கெடுக்கவில்லை என்றால், பிறர் கண்ணுக்குத் தென்படாது என்றால், விட்டுவிடுவதில் குற்றம் இல்லை. ஆனால் அடுத்த வரிசைகள் எல்லாம் அந்தத் தவற்றின் மீது நிற்கப் போகின்றன என்றால், அவிழ்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எது பொறுக்கத்தக்க தவறு, எது தொடரும் தவறு என்று பிரித்தறிவதே இக்கைவேலையில் கடினமான பகுதி. இதற்கு மெழுகும் உதவாது, தாம்பாளமும் உதவாது. இந்த ஓர் எரிச்சலை நீக்கும் உபாயம் எதுவும் இல்லை. ஐந்து வரிசைக்கு ஒரு முறை நின்று எண்ணிப் பார்க்கும் பழக்கம், அதன் அளவைக் குறைக்கும், அவ்வளவே.

இத்துன்பம் நம் காலத்துக்கு மட்டும் உரியது அன்று. சிந்து வெளியைச் சேர்ந்த சான்குதரோவில் 1935-36ஆம் ஆண்டுகளில் எர்னஸ்ட் மக்கே அகழ்ந்தபோது, மணி செய்யும் பட்டறை ஒன்றைக் கண்டார். அங்கே செய்து முடிக்காத மணிகளும், துளையிடும்போது உடைந்த மணிகளும் கிடைத்தன. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் நீண்ட மணிகளைச் செய்து துளையிடுவது எவ்வளவு கடினம் என்பதை ஜோனதன் மார்க் கெனாயர் என்னும் அறிஞர் சோதனை செய்து பார்த்தார். அக்காலத்துத் துளைக்கருவியைப் போன்ற ஒன்றைக் கொண்டு துளைத்தபோது, ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரே துளை இறங்கியது. அப்படியானால் 6 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே மணிக்கு, நாள்தோறும் எட்டு மணி நேரம் உழைத்தாலும் மூன்று நாட்கள் ஆகும். மூன்றாம் நாள் மாலையில் கல் விண்டுபோனால் அந்தத் தொழிலாளியின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! நம் ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலிலும் பல நிலைகளில் நின்றுவிட்ட கல்மணிகள் கிடைத்துள்ளன. பதிற்றுப்பத்து அணிகலன்களுக்காகப் போற்றும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. அரசர் மார்பில் ஒளிர்ந்த மணிகளை இலக்கியம் நினைவில் வைத்தது. செய்து முடியாத மணிகளை மண் காத்து வைத்தது.

மணி கோப்பவருக்கு இறுதியாக ஒரு தொல்லை உண்டு. அது மனிதர்களால் வருவது. மூன்று வாரம் உழைத்து முடித்த கைவளையைப் பார்த்து, "இதைக் கடையில் இருபது ரூபாய்க்கு வாங்கலாமே!" என்பார் ஒருவர். "எனக்கும் ஒன்று செய்து கொடேன், சின்ன வேலைதானே!" என்பார் மற்றொருவர். முன்னவர் உழைப்புக்கு விலை இல்லை என்கிறார். பின்னவர் உழைப்பே இல்லை என்கிறார். இவர்களிடம் வாதிடுவதில் பயன் இல்லை. கேட்கிறவர் உண்மையான ஆவலோடு கேட்டால், ஊசியையும் ஐம்பது மணிகளையும் அவர் கையில் கொடுத்து அருகில் அமர்த்திக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் அவருக்கே விடை கிடைத்துவிடும்.

அந்த விடை மணி கோப்பவருக்கும் பயன்பட வேண்டும். திருவிழாக்களிலும் பேருந்து நிலையங்களிலும் தரையில் துணி விரித்து, பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கைகள் கோத்துக்கொண்டே இருக்கும். கண்கள் வாங்குவோரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நூல் அறுவதும் மணி சிதறுவதும் சாயம் போவதும் அவர்களுக்கும் உண்டு. நமக்கு அவை பொழுதுபோக்கில் வரும் எரிச்சல்கள். அவர்களுக்கு அவை அன்றைய வருவாயில் விழும் வெட்டு. மனம் சலித்தால் நாம் வேலையை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடலாம். அவர்கள் அவ்வாறு எழ முடியாது. தாமே ஒரு மாலையை முதல் முடிச்சு முதல் கடைசி முடிச்சு வரை கோத்து முடித்த மாணவர் ஒருவர், அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டுப் பாதிக்குப் பாதி பேரம் பேசத் துணியமாட்டார். அந்த மாலையில் எத்தனை மணிகள் என்று அவர் கை தானாகவே கணக்கிடும்.

ஆகவே, தொடங்கிவிட்டுப் பாதியில் வைத்த மணிவேலை உங்கள் பெட்டியில் ஏதேனும் இருந்தால், விடுமுறையில் அதை வெளியே எடுங்கள். எங்கே நின்றது, ஏன் நின்றது என்று பாருங்கள். நூல் நீண்டதா, துளை சிறிதா, கணக்குப் பிழைத்ததா என்று காரணத்தைக் கண்டுபிடியுங்கள். காரணம் தெரிந்தபின் தொடர்வதா, அவிழ்ப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவிழ்ப்பதாயின் நல்ல வெளிச்சத்தில், தாம்பாளத்தின்மேல், அவசரம் இன்றி அவிழ்த்திடுங்கள். அவிழ்த்த மணிகள் ஒன்றும் கெட்டுப் போவதில்லை. அதே மணிகளை மீண்டும் கோக்கலாம்.